நேராக நடந்த நண்டு

என் போனைத் திறந்தால் பேரப்பிள்ளைகள் படத்தைவிடப் பூனைக்குட்டிகள் படம்தான் அதிகம். எல்லாம் சரண்யாவின் வேலை. பழவேற்காடு ஏரிக்கரையில் ஓர் அரசு கால்நடை மருந்தகத்தில் உதவியாளராக இருந்து நான் ஓய்வு பெற்றேன். என் இடத்துக்கு வந்திருக்கும் பெண்தான் சரண்யா. மாடு, ஆடு என்றால் கில்லாடி. பூனைக்குட்டி வந்தால் மட்டும் பயம். உடனே ஒரு வீடியோ எடுத்து எனக்குத் தட்டிவிடுவாள். "அக்கா, இது வெளையாடுதா, கடிக்கப் போவுதா? சீக்கிரம் சொல்லுங்க, என் கை அதும் பக்கத்துலதான் கீது."

நான் கண்ணாடியைத் தேடி எடுத்துப் பார்ப்பதற்குள் பெரும்பாலும் அது கடித்து முடித்திருக்கும். "சோப்பு போட்டு நல்லா கழுவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்க" என்று பதில் போடுவேன். பூனை பிறாண்டியதற்கெல்லாம் ஊசியா என்று கேட்கிறவர்களுக்கும் இதே பதில்தான்.

முன்பெல்லாம் பூனையை மருந்தகத்துக்குத் தூக்கி வருகிறவர்களே அபூர்வம். வந்தாலும் கோணியில் வரும். இப்போது ஜன்னல் வைத்த பையில் வருகிறதாம். போன வாரம் சரண்யா, "உங்களுக்குத் தெரிஞ்சத எல்லாம் உக்காந்து எழுதிக் குடுங்கக்கா" என்றாள். எனக்குப் பாடம் நடத்த வராது. வம்பு பேச நன்றாக வரும். அதனால் வம்பாகவே எழுதுகிறேன், வேண்டியதை அவள் பொறுக்கிக்கொள்ளட்டும்.

நான் காட்டூர்க்காரி. எங்கள் வீட்டில் மாடு உண்டு, அதைக் கட்டிப்போடுகிற தைரியம் எனக்கு உண்டு, அவ்வளவுதான் என் தகுதி. வேலைக்குச் சேர்ந்த ஆரம்பத்தில் மாட்டின் வாலைப் பிடிப்பது, ஆட்டின் வாயைத் திறப்பது, கோழிக்குச் சொட்டு மருந்து விடுவது, உதை வாங்குவது என்று எல்லாவற்றையும் கற்றுக்கொண்டேன். ஏரிக்கரைக் குப்பங்களில் என் பெயர் எஸ்தர் என்பது யாருக்கும் தெரியாது. ஊசிக்காரம்மா என்றால் தெரியும். நான் தெருவில் நுழைந்தால் ஆடுகள் வீட்டுக்குப் பின்பக்கம் ஓடும், குழந்தைகளும் கூடவே ஓடும்.

பூனையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் டாக்டர் சபாபதி. எங்கள் மருந்தகத்துக்கு மாற்றலாகி வந்தவர், மெலிந்த ஆள், சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. அவரிடம் ஒரு விசித்திரம் இருந்தது. மனிதர்கள் எல்லாரையும் "நீ" என்பார். விலங்குகளை "இவுங்க", "அவுங்க" என்பார். ஊர்ப் பெரிய மனுஷன் ஒருவர் பூனையோடு வந்து நின்றால், "நீ அப்படி ஓரமா உக்காரு. இவுங்க எப்ப வந்தாங்க, சாப்பிட்டாங்களா?" என்று கேட்பார். பெரிய மனுஷன் முகம் சுண்டிப்போகும். பூனைக்கு மட்டும் திருப்தியாக இருக்கும்.

குட்டியைப் பார்க்கிற முறை ஒன்று வைத்திருந்தார். முதலில் கதவையும் ஜன்னலையும் சாத்தச் சொல்வார். கூடையைத் தரையில் வைத்துத் திறந்துவிடுவார். பிறகு டாக்டர், நான், கொண்டுவந்த ஆள் என்று மூவரும் தரையில் உட்கார வேண்டும். யாரும் குட்டியை முறைத்துப் பார்க்கக் கூடாது. "நாம அவுங்கள பாக்கறதுக்கு முன்ன அவுங்க நம்மள பாத்து முடிக்கட்டும்" என்பார். வெளியில் மாட்டைக் கட்டிவிட்டுக் காத்திருக்கும் ஆள் இருமிக் காட்டுவான். டாக்டர் அசைய மாட்டார்.

குட்டி கூடையைவிட்டு வெளியே வந்து, மேஜைக் காலை மோந்து, என் செருப்பை மோந்து, முகம் சுளித்த பிறகு, டாக்டர் மேஜை டிராயரைத் திறப்பார். அதில் ஒரு மெல்லிய கயிறு, அதன் நுனியில் வலைக்குக் கட்டுகிற சின்ன மிதவை. அதைத் தரையில் இழுப்பார், எப்போதும் குட்டியைவிட்டு விலகிப் போகிற மாதிரி. நான் ஒருமுறை ஆர்வத்தில் குட்டியின் மூக்குக்கு நேராக இழுத்துவிட்டேன். "எஸ்தர், எலி எங்கயாவது தானா வந்து வாயில பூருமா?" என்றார்.

அப்போதுதான் பார்க்க வேண்டியதை எல்லாம் பார்ப்பார். காது முன்னால் நிமிர்ந்திருக்கிறதா, பக்கவாட்டில் படுத்திருக்கிறதா. கண்மணி விரிகிறதா. மீசை முன்னுக்கு வருகிறதா. பாய்வதற்கு முன் பின்பாகத்தை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறதா. ஆட்டினால் டாக்டர் முகம் மலர்ந்துவிடும். "உடம்பு சரியில்லாதவுங்க இடுப்ப ஆட்ட மாட்டாங்க" என்பார். எல்லாம் முடிந்ததும் கயிற்றைச் சுருட்டி டிராயரில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். ஒரு முழக் கயிற்றுக்கு இத்தனை காவலா, மனுஷன் மகா கஞ்சன் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

ஒருமுறை தோணிரேவுக் குப்பத்திலிருந்து ஒரு பெண் ஒரே கூடையில் இரண்டு குட்டிகளோடு ஓடிவந்தாள். "சார், ரெண்டும் ஒண்ண ஒண்ணு கொலை பண்ணிக்குதுங்க. பிரிச்சி வுடவே முடியல." திறந்துவிட்டதும் உண்மையிலேயே கட்டிப் புரண்டன. ஒன்று மற்றதன் கழுத்தைக் கவ்வியது, அது பின்னங்காலால் இதன் வயிற்றை உதைத்தது.

"சத்தம் ஏதாவது கேக்குதா?" என்றார் டாக்டர்.

"இல்ல."

"மேல இருந்தவுங்க இப்ப எங்க?"

"கீழ கீது."

"வாய் லேசா தொறந்து கீது, நகம் உள்ள கீது, மாத்தி மாத்தி கீழ படுக்கறாங்க. இது வெளையாட்டு. நெசமா சண்டைன்னா சீறுவாங்க, கத்துவாங்க, ஒருத்தர் தப்பிச்சி ஓடப் பாப்பாங்க. நீயும் உன் புருஷனும் சண்டை போட்டா இப்படித்தான் மொற வெச்சி போடறீங்களா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "எங்க சார், எப்பவும் அவுருதான் கீழ."

டாக்டர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். நான் சிரித்த சிரிப்பில் வெளியே கட்டியிருந்த மாடு கயிற்றை அறுத்துக்கொண்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சரண்யா குறித்துக்கொள்ளட்டும். குட்டி மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டினால், தடவிக் கொடு என்று அர்த்தம் இல்லை. நாலு காலும் ஆயுதத்தோடு தயார் என்றும் அர்த்தம் இருக்கலாம். இதை டாக்டர் வாயால் சொல்லவில்லை. நான் ஆசையாகக் கையை நீட்டியபோது தடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு டிங்சர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார்.

இனி நண்டு கதை. எந்தக் குப்பம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அங்கே எனக்கு நல்ல இறால் கொடுக்க மாட்டார்கள்.

அந்தக் குப்பத்தின் தலைவர் ஏழுமலை. கதவளவு மார்பு, கரையில் நின்று கூப்பிட்டால் ஏரி நடுவில் இருக்கும் படகு திரும்பும். ஊர்க் கூட்டத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். ஒரு கோடையில் கருவாடு காயப்போட்ட இடத்தில் பூனைகள் அட்டகாசம் தாங்கவில்லை. கூடை தூக்கிப் போகிற பெண்களின் கணுக்காலில் குட்டிகள் வேறு ஒளிந்திருந்து பாய்ந்தன. ஒரு குட்டி முதுகை வில்லாக வளைத்து, வாலைப் பாட்டில் கழுவுகிற பிரஷ் மாதிரி உப்பி, பக்கவாட்டில் குதித்துக் குதித்து வந்ததைப் பார்த்துவிட்டு, வெறி பிடித்துவிட்டது என்று தெருவே கதவைச் சாத்தியது. குட்டிகள் உற்சாகம் மிஞ்சினால் அப்படித்தான் குதிக்கும். எங்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். யாரும் கேட்கவில்லை.

ஏழுமலை கூட்டம் போட்டார். ஊரில் ஒரு பூனையும் இருக்கக் கூடாது, எல்லாவற்றையும் கோணியில் போட்டு அக்கரையில் விட்டுவிட வேண்டும் என்று தீர்ப்பு. முதலில் கோணிக்குள் போனது தேசம்மாவின் கருமூக்கி. தேசம்மா மீன் விற்கிறவள், தனியாள். காலையில் கூடையோடு ஷேர் ஆட்டோவில் பொன்னேரி போய், வெயில் ஏறியதும் திரும்புவாள். ஆட்டோ சத்தம் கேட்டதும் கருமூக்கி வாலைக் கொடிக்கம்பமாக நிறுத்தி, நுனியை மட்டும் லேசாக வளைத்து, எதிரே ஓடிவரும். வால் அப்படி நின்றால் 'வந்துட்டியா' என்று அர்த்தம். தேசம்மாவை அப்படிக் கேட்க வேறு யாரும் இல்லை. கோணியைப் படகில் ஏற்றியபோது அவள் கரையில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். அன்றிலிருந்து தலைவரோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

சில வாரம் போயிருக்கும். மத்தியானம், கூட்டம் கலைந்து நாங்கள் மருந்தகத்தைப் பூட்டுகிற நேரம். ஏழுமலை வந்தார். கையில் மீன் வைக்கிற தெர்மாகோல் பெட்டி, மேலே துண்டு போட்டு மூடியிருந்தது. தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்து, கதவை அவரே சாத்தினார்.

"இன்னா ஏழுமலை?"

"ஆட்டுக்குட்டி சார். உடம்பு சரியில்ல."

பெட்டிக்குள்ளிருந்து "மியாவ்" என்றது.

நான் டாக்டரைப் பார்த்தேன். டாக்டர் பெட்டியைப் பார்த்தார். ஏழுமலை சுவரில் இருந்த கோமாரி நோய் விளம்பரத்தை ரொம்பக் கவனமாகப் படித்தார்.

"ஆட்டுக்குட்டி சுருக்கமா பேசறாங்க" என்றார் டாக்டர்.

"எலிக்கு வெச்சிக்கீறேன் சார். பூனைங்க போனதுலருந்து வலைய எல்லாம் எலி கடிச்சி நாஸ்தி பண்ணுது. வலைக் கொட்டாயில சும்மா ஒரு ஓரமா கெடக்குது. எனக்கும் அதுக்கும் ஒண்ணியும் இல்ல."

துண்டை எடுத்தேன். உள்ளங்கையில் அடங்குகிற குட்டி. அந்தக் கொட்டகை எலி இதைப் பார்த்தால் பாவம் என்று சோறு போடும். சாம்பல் நிறம், மூக்கின் மேல் மட்டும் மை தடவிய மாதிரி கறுப்பு.

"பேரு?"

"பூனைக்கு இன்னா சார் பேரு." பிறகு முணுமுணுத்தார். "நண்டு."

"ஏன் நண்டு?"

"பக்கவாட்டுல நடக்கும் சார். முதுவ தூக்கினு, வால உப்பிக்கினு, கோணக் கோணலா குதிக்கும். நான் கொட்டாயில நுழைஞ்சாவே அந்த ஆட்டம்தான்." சொல்லும்போதே அவர் முகம் தானாக இளகியது. சட்டென்று இறுக்கிக்கொண்டார். "அதான் சார் இப்ப கஷ்டம். நேத்துலருந்து நேரா நடக்குது."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நேராக நடக்கிறது என்று வைத்தியத்துக்கு வந்தவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. டாக்டர் சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பெட்டியை இறக்கித் திறந்தோம். குட்டி மெதுவாக வெளியே வந்தது. மேஜைக் காலை மோக்கவில்லை, என் செருப்பைச் சீண்டவில்லை. நேராக ஏழுமலையிடம் போய் அவர் மடியில் ஏறிச் சுருண்டது. தலையை அவர் கைக்குள் முட்டி நுழைத்தது. எலிக்கு வைத்திருக்கிற பூனை அப்படிச் செய்யாது. டாக்டர் டிராயரைத் திறந்து மிதவைக் கயிற்றை இழுத்தார். குட்டி கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. காது இரண்டும் பக்கவாட்டில் தொங்கின. முன்னங்காலால் வாயைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. வாயோரம் எச்சில்.

"கொர்ருனு சத்தம் போடுதே சார், சந்தோசமாத்தான கீது?" என்றார் ஏழுமலை.

"வலி வந்தாலும் அந்தச் சத்தம் போடுவாங்க. நீ வலிச்சா முருகான்னு சொல்லல? அந்த மாதிரி. வாந்தி எடுத்தாங்களா?"

"நாலஞ்சி தபா."

"எஸ்தர், இவுங்க வாய தொற."

திறந்தேன். டாக்டர் விரலால் தாடைக்கு அடியில் அழுத்தி நாக்கைத் தூக்கினார். நாக்கின் வேரைச் சுற்றி ஒரு நீல நூல். வலை பின்னுகிற நைலான் நூல். ஒரு சுற்று சுற்றிக்கொண்டு மீதி தொண்டைக்குள் போயிருந்தது.

அடுத்து நடந்தது கண்ணிமைக்கிற நேரம். பிறந்ததிலிருந்து நூலை இழுத்தே பிழைக்கிற சாதி அவர்கள். மீன் வாயில் நூல் தெரிந்தால் கை தானாகப் போகும், மூளையைக் கேட்காது. ஏழுமலையின் விரல்கள் அந்த நூலைக் கிள்ளிப் பிடித்துவிட்டன.

"வுடு!" என்று ஒரு சத்தம். டாக்டர் சபாபதிதான். அவருக்கு அப்படி ஒரு குரல் இருப்பது அவருக்கே அன்றுதான் தெரிந்திருக்கும். நான் அதற்குள் ஏழுமலையின் புறங்கையில் ஓங்கி ஒன்று வைத்தேன். குப்பமே நடுங்குகிற தலைவரின் கையில், மாட்டை அடிக்கிற அடி. அவர் நூலை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அவர் அம்மா போனதற்குப் பிறகு அவரை யாரும் அடித்திருக்க மாட்டார்கள்.

"சுருக்குப் பை பாத்துக்கீறியா?" டாக்டர் மறுபடி பழைய குரலுக்கு வந்திருந்தார். "கயித்த இழுத்தா இன்னா ஆவும்? உள்ள குடல் பூரா இந்த நூல்ல கோத்துக்கினு கீது. நீ இங்க இழுத்தா அங்க சுருங்கிக் கிழியும். அப்புறம் ஆபரேஷன் பண்ணவும் ஒண்ணும் இருக்காது."

ஏழுமலை தன் கையையே பார்த்தார். "நான்தான் சார் அந்த நூல ஆட்டி ஆட்டி காட்டுவேன். வலை பின்னிக்கினே. அது புடிக்க வரும், நான் இழுப்பேன். அப்புறம் அப்படியே போட்டுட்டு வந்துருவேன்." எலிக் கதை அதோடு முடிந்தது. டாக்டர் டிராயரை ஏன் பூட்டினார் என்பதும் எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

எங்கள் மருந்தகத்தில் அந்த ஆபரேஷனுக்கு வசதி கிடையாது. டாக்டர் குளுக்கோஸ் ஏற்றினார், வாந்திக்கு ஊசி போட்டார், சென்னையில் இருக்கிற பெரிய கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து சொன்னார். பொன்னேரி வரை ஷேர் ஆட்டோ, அங்கிருந்து ரயில். உடனே கிளம்ப வேண்டும்.

"எஸ்தரம்மா எடுத்துக்கினு போவட்டும். நான் பின்னால வர்றேன்" என்றார் ஏழுமலை. நான் குட்டியைத் தூக்கினேன். காதை மண்டையோடு ஒட்டவைத்து, உடம்பை முறுக்கி, இருக்கிற பலத்தை எல்லாம் கூட்டி என் கையில் கோடு போட்டது. ஏழுமலையிடம் கொடுத்ததும் அடங்கியது.

"அவுங்க துள்ளக் கூடாது. பொட்டியில தனியா போட்டா பயந்து இன்னும் துள்ளுவாங்க. உன்கிட்டதான் அடங்கறாங்க, நீதான் மடியில வெச்சிக்கினு போவணும்" என்றார் டாக்டர்.

ஏழுமலை ஜன்னல் இடுக்கில் பார்த்தார். வாசலில் ஷேர் ஆட்டோ நின்றிருந்தது. அதில் சாயங்கால வியாபாரத்துக்குப் போகும் பெண்கள், மீன் கூடைகளோடு, எல்லாரும் அவர் குப்பத்து ஆட்கள். அவர் தீர்ப்பால் பூனையைக் கோணியில் போட்டுக் கொடுத்தவர்கள். நடுவில் தேசம்மா, அன்றைக்கு மீன் ஏலம் தாமதமானதால் காலையில் போகாமல் இப்போதுதான் கிளம்பியிருந்தாள்.

"அடுத்த ஆட்டோவுல போலாமா?"

"அடுத்தது எப்ப வரும்னு உனக்குத் தெரியுமா?" என்றார் டாக்டர்.

ஏழுமலை குட்டியைக் குனிந்து பார்த்தார். அவருக்குத் தன் பேரும் கெத்தும் ஒரு தட்டில், உள்ளங்கையளவு பூனை ஒரு தட்டில். ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. சட்டைப் பொத்தான் இரண்டைக் கழற்றி, குட்டியை நெஞ்சோடு உள்ளே விட்டு, நேராக நடந்து போய் ஆட்டோவில் ஏறினார். நான் அவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டேன்.

முழங்காலோடு முழங்கால் இடிக்கிற இடம். ஆட்டோ கிளம்பியது. எதிரே உட்கார்ந்திருந்த தேசம்மா அவர் சட்டையையே பார்த்தாள். சட்டை அசைந்தது.

"ஊசிக்காரம்மா, எங்க தலைவருக்கு நெஞ்சுல இன்னா நோவு? உள்ள ஓடுது" என்றாள். அவரோடு பேசுவதில்லை அல்லவா, அதனால் என்னிடம்.

நான் பதில் சொல்வதற்குள் மீன் வாசனைக்கு நண்டு தலையை வெளியே நீட்டியது. ஆட்டோவில் ஒரு சிரிப்பு வெடித்தது பாருங்கள், டிரைவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தான். "யம்மா, தலைவரு குட்டி போட்டுக்கீறாருடி!" என்றாள் ஒருத்தி. "கோணி எங்க தலைவரே, கோணி?" என்றாள் இன்னொருத்தி. ஏழுமலை கையைக் குட்டிக்குக் கூரையாக வைத்துக்கொண்டு குனிந்திருந்தார்.

தேசம்மா மட்டும் சிரிக்கவில்லை. எட்டி, அந்தக் கறுப்பு மூக்கைப் பார்த்தாள். "இது எங்க கருமூக்கி குட்டி."

ஏழுமலை தலையை ஆட்டினார். "ஆமா. அத்த கோணியில போட்ட அன்னிக்கி, இது என் வலைக் கொட்டாயில கெடந்து கத்திக்கினு கெடந்துது."

"தாய அக்கரைக்கு அனுப்பிட்டு, குட்டிய நீ வெச்சிக்கினியா?"

"ஆமா."

மறுபடி யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள். தேசம்மா கையை ஓங்கினாள். "கம்முனு கெடங்கடி! காதப் பாருங்க, எப்புடி தொங்கிப் போய் கீது. அது சாவக் கெடக்குது, உங்களுக்கு இளிப்பு." கூடையில் மீனை மூடியிருந்த ஈரத் துணியைப் பிழிந்து, குட்டிமேல் வெயில் படாமல் பொன்னேரி வரை பிடித்துக்கொண்டே வந்தாள். ரயிலடியில் இறங்கும்போது, "பொழைச்சி வரட்டும். அப்பறம் உன்ன கவனிச்சிக்கிறேன்" என்று அவரிடமே நேராகச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் குட்டியை உள்ளே எடுத்துப் போனார்கள். பூனை உடம்பைப் படிக்கத் தெரிந்தவளுக்கு மனுஷன் உடம்பைப் படிப்பது பெரிய விஷயமில்லை. ஏழுமலை முதுகைக் கூனி, கண்ணை அகல விரித்து, பெஞ்சின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். யாராவது கதவைத் திறந்தால் துள்ளினார். டீ வாங்கிக் கொடுத்தேன், தொடவில்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்த டீயையும் நானே குடித்தேன்.

கடைசியில் ஒரு இளம் டாக்டர் தட்டில் அந்த நீல நூலோடு வந்தார். எடுத்தாகிவிட்டது, குடல் கிழியவில்லை, பிழைத்துக்கொள்ளும் என்றார். ஏழுமலை எழுந்து நின்று கும்பிட்டார். "கோணலா எப்ப சார் நடக்கும்?" இளம் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இவருக்கு உறவுக்காரர்கள் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்தார்.

நண்டு திரும்பி வந்தது. தையல் பிரித்தது. சாப்பிட்டது, தூங்கியது, எடை ஏறியது. ஆனால் நேராகவே நடந்தது. ஏழுமலை எனக்குத் தினமும் போன் போடுவார். "எஸ்தரம்மா, இன்னிக்கும் நேராத்தான் நடந்துச்சி" என்பார், யாரோ இறந்த செய்தி சொல்கிற குரலில். வலி மறக்க நாள் பிடிக்கும் என்று டாக்டர் சொல்லியும் மனுஷன் கேட்கவில்லை.

இதற்கிடையில் குப்பத்தில் கூட்டம் கூடியது. இந்த முறை கூட்டியவர்கள் பெண்கள். தலைவரே தீர்ப்பை மீறினால் என்ன தண்டனை என்று கேள்வி. தேசம்மா எழுந்தாள். "அதே படகு. அதே கோணி. அக்கரைக்குப் போய் எங்க பூனைங்கள அவுரே புடிச்சிக்கினு வரணும். வேற யாரும் கை வெக்கக் கூடாது. குட்டி என்னுது, அத்தயும் குடுத்துரணும்." டாக்டரும் தன் பங்குக்குச் சொல்லி அனுப்பினார். வருகிற பூனைக்கெல்லாம் தடுப்பூசி போட்டுக் கருத்தடையும் செய்ய வேண்டும், கருவாட்டை வலை போட்டு மூட வேண்டும், பின்னுகிற நூலைக் கண்ட இடத்தில் போடக் கூடாது. ஏழுமலை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். குட்டி விஷயத்துக்கு மட்டும் தலை கொஞ்சம் தாமதமாக ஆடியது.

அக்கரைக்கு நாங்களும் போனோம், ஊசிப் பெட்டியோடு. வேடிக்கை பார்க்கத் தேசம்மாவும் மற்றப் பெண்களும் படகில் ஏறிக்கொண்டார்கள். ஏழுமலை நண்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு படகு தள்ளினார். வேலிகாத்தான் புதருக்குள் பூனைகள் தெரிந்தன. அவர் இறங்கியதும் ஒன்றையும் காணோம்.

"தொரத்தாத. உக்காரு. மொறைக்காத. கண்ண மெதுவா மூடு, மெதுவா தொற. உன்னால ஆபத்து இல்லன்னு அவுங்களுக்குப் புரியட்டும்" என்றார் டாக்டர்.

சுறாவோடு மல்லுக்கட்டிய மனுஷன், மணலில் குந்தி, முன்னால் நாலு மீனைப் போட்டுக்கொண்டு, புதரைப் பார்த்து மெதுவாகக் கண் சிமிட்டினார். படகில் இருந்த பெண்கள் வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டார்கள். வெகுநேரம் கழித்து ஒரு பூனை எட்டிப் பார்த்தது. பிறகு இன்னொன்று. ஒவ்வொன்றாக மீன் பக்கம் நகர்ந்து வந்தன. ஒன்று பதிலுக்குக் கண் சிமிட்டியது. ஏழுமலைக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போது தேசம்மா படகிலிருந்து இறங்கினாள். புதருக்குப் பின்னாலிருந்து ஒரு வால் வந்தது. கொடிக்கம்பம் மாதிரி நேராக, நுனி லேசாக வளைந்து. கருமூக்கி மீனையும் பார்க்கவில்லை, தலைவரையும் பார்க்கவில்லை, அவரைத் தாண்டி ஓடிவந்து தேசம்மாவின் காலைச் சுற்றியது. அவள் மணலில் உட்கார்ந்து அதைத் தூக்கி முகத்தோடு வைத்துக்கொண்டாள். அழுதாள். எங்களில் யாரும் அப்போது சிரிக்கவில்லை.

ஏழுமலை எழுந்து வந்தார். சட்டைக்குள்ளிருந்து நண்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். "உன் பொருளு, தேசம்மா. எடுத்துக்க." முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தேசம்மா குட்டியை வாங்கித் தாயின் முன்னால் விட்டாள். கருமூக்கி மோந்து பார்த்தது, சீறியது, தள்ளிப் போனது. "பிரிஞ்சி ரொம்ப நாளாச்சி. மறந்துட்டாங்க. அவுங்க வழக்கம் அது" என்றார் டாக்டர். நண்டு தனியாக மணலில் உட்கார்ந்திருந்தது.

அதற்குப் பக்கத்து வளையிலிருந்து ஒரு சின்ன நண்டு, நிஜமான நண்டு, வெளியே வந்து பக்கவாட்டில் ஓடியது. குட்டியின் காது நிமிர்ந்தது. கண்மணி விரிந்தது. மீசை முன்னுக்கு வந்தது. இடுப்பு இப்படியும் அப்படியும் ஆடியது. டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த நொடி குட்டி முதுகை வளைத்து, வாலை உப்பி, நாலு காலிலும் எழும்பி, பக்கவாட்டில் குதித்தது. நண்டு இந்தப் பக்கம் போனால் இதுவும் கோணலாக இந்தப் பக்கம், அது அந்தப் பக்கம் போனால் இதுவும் அந்தப் பக்கம்.

"கோணலா நடக்குதுடோய்!" என்று ஏழுமலை போட்ட கூச்சல் ஏரி முழுக்கக் கேட்டது. கஷ்டப்பட்டு வரவழைத்த பூனைகள் அத்தனையும் புதருக்குள் பறந்தன.

"யோவ்! வந்ததை எல்லாம் ஓட்டிட்டியே, பாவி!" என்று தேசம்மா கத்தினாள். அவருக்குக் காதில் விழவில்லை. கண்ணில் தண்ணீர் வழிய, கை தட்டிக்கொண்டிருந்தார்.

நிஜ நண்டு வளைக்குள் போய்விட்டது. குட்டி கொஞ்ச நேரம் வளையைப் பிறாண்டிப் பார்த்தது. பிறகு திரும்பி, வாலை நேராக நிறுத்தி, நுனியை வளைத்து, தேசம்மாவைத் தாண்டி ஏழுமலையிடம் போனது. கால் பெருவிரலை முட்டியது. லுங்கியைப் பிடித்து ஏற ஆரம்பித்தது. அவர் தொடவில்லை. கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு, கள்ளன் பிடிபட்ட மாதிரி தேசம்மாவைப் பார்த்தார்.

தேசம்மா அந்த வாலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்குத் தெரியாத வாலா அது.

"வெச்சிக்க" என்றாள். "ஆனா கொட்டாயில ஒளிச்சி வெக்கக் கூடாது. பட்டப்பகல்ல, உன் வூட்டு வாசல்ல, ஊரே பாக்க உக்காந்து அத்தோட வெளையாடணும். அதான் உனக்கு தண்டனை."

"வாசல்லயா?" என்றார் தலைவர்.

"வாசல்லதான்."

ஓடிய பூனைகளை எல்லாம் கொண்டுவந்து சேர்க்க அவர் இன்னும் பல நடை போய்க் கண் சிமிட்ட வேண்டியிருந்தது. போன மாசம் இறால் வாங்க அந்தப் பக்கம் போனேன். நண்டு இப்போது பெரிய பூனை, நடை தளர்ந்துவிட்டது. ஏழுமலைக்கும் அப்படித்தான். வாசலில் மணலில் உட்கார்ந்து, கயிற்றில் கட்டிய மிதவையை மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தார், பூனையைவிட்டு விலகிப் போகிற மாதிரி. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவருக்கு வெட்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆட்டம் முடிந்ததும் கயிற்றைச் சுருட்டி, என்னைப் பார்த்துக்கொண்டே, இடுப்பில் பத்திரமாகச் செருகிக்கொண்டார்.